லாக் சுவிட்சு

சித்தே உங்க பைய அக்கட்டால நகத்திக்கிறீங்களா? காலை நீட்டித்தான் வைக்கோணும். முட்டி மடங்காதுங்க, உள்ள பிளேட்டு வச்சிருக்கறாங்க. அட, அவ்வளவு ஒதுங்க வேண்டாம், நல்லா உக்காருங்க. தாராபுரமுங்களா? நானும் அங்கதான். மாமனார் ஊடு. என்ற சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன்.

என்ற பைக்குள்ள என்ன நீட்டமா இடிக்குதுன்னு பாக்கறீங்களா? ஸ்கேலுங்க. துணி அளக்கற இரும்பு ஸ்கேலு. சோமனூர்ல நமக்குத் துணி யாவாரம். தறிக்காரங்க கொண்டாந்து போடற துணிய அளந்து எடுக்கறது. சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டுலயே வழி சொல்லுவாங்க. கையில ஸ்கேலு இல்லீன்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்.

கால் எப்படிப் போச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கல. நல்ல மனுசன். அதனாலயே உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுது. இதுக்கெல்லாம் காரணம் ஒரே ஆளுங்க. ஆரோக்கியம்னு ஒருத்தன். கோயமுத்தூர் கணபதியில கியர் பாக்ஸ் பட்டறை வச்சிருக்கறான். ஒரு வேலைய ஒருத்தன் செஞ்சு குடுத்தா, அதுக்கு அவன் பொறுப்பா இல்லீங்களா? நீங்களே சொல்லுங்க.

மொதல்ல வண்டியப் பத்திச் சொல்லோணும். அது ஆட்டோமேட்டிக் வண்டி. என்ற மாமனார் பழசா வாங்கிக் குடுத்தது. அவருக்குப் பவுசு, மகளுக்குக் கார் வாங்கிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லோணும். ஏன் ஆட்டோமேட்டிக்குன்னு கேட்டீங்கன்னா, திலகமணிக்கு இடது காலு கொஞ்சம் சரியில்லீங்க. திலகமணிதான் என்ற சம்சாரம். கல்யாணமான புதுசுல மாடிப்படியில இருந்து விழுந்துட்டா. நான் தள்ளினேன்னு அவங்கப்பன் சொல்லுவாரு. நான் கையத்தான் ஓங்கினேன். அவளாத்தான் பின்னால போனா. பின்னால படி இருக்குதுன்னு அவளுக்குத் தெரியாதா? தெனமும் கூட்டற படிதான?

இந்த வண்டியில ரெண்டே பெடலுங்க. கிளச்சு கெடையாது. வலது காலு மட்டும் இருந்தாப் போதும். அவளே ஓட்டிக்கலாம்.

நான் ஓட்டியிருப்பேன். லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க. அவிநாசி ரோட்டுல ஒரு லாரிக்காரன், நானும் ஆரன் அடிக்கறேன் அடிக்கறேன், வழியே உடல. முந்திப் போயி மறிச்சு, கீழ எறக்கி, ஜாக்கி லீவர்ல ரெண்டு போட்டேன். ரெண்டே ரெண்டு. அவன் மண்டை அவ்வளவு எளசா இருக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அவன் இப்பவும் ஒரு பக்கம் வாய் கோணித்தான் பேசறானாம். அதுக்கு ஒரு கேசு. நான் கோவக்காரனே கெடையாதுங்க. எனக்கு நியாயம் நியாயமா இருக்கோணும், அவ்வளவுதான்.

சரி. அவ ஓட்டுவா, நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். மார்க்கெட்டு, கடை, ஈரோடு, எல்லாத்துக்கும் அப்படித்தான். ஆனா அந்த வண்டி பெட்ரோல் குடிச்சுது பாருங்க! லிட்டருக்கு எட்டுதான். எட்டு! பெட்ரோல் பங்குல மீட்டர் ஓடறதப் பாத்தா எனக்கு நெஞ்செல்லாம் எரியும். ஒருக்கா பங்குக்காரன் காலரைப் புடிச்சே கேட்டுட்டேன், அளவு சரியா ஊத்துறியாடான்னு. சுத்தி நின்னவங்க வெலக்கி உட்டாங்க. அப்பறந்தான் ஒருத்தர் சொன்னாரு, பங்குல தப்பில்லீங்க, உங்க கியர் பாக்ஸ்லதான் போகுதுன்னு.

அது எப்படின்னா, சாதா வண்டியில எஞ்சினும் சக்கரமும் கிளச்சு வழியா நேராப் புடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக்குல நடுவுல ஒரு குண்டான் இருக்குதுங்க, அதுக்குள்ள எண்ணெய். எஞ்சின் எண்ணெயச் சுத்தி உடுது, அந்த எண்ணெய் சக்கரத்தைச் சுத்துது. ஒருத்தன் செய்யற வேலைய நடுவுல ஒரு புரோக்கர் வச்சுச் செஞ்சா என்னாகும்? பாதி அங்கயே போயிரும். நல்ல வேகத்துல போறப்ப மட்டும் உள்ள ஒரு லாக்கு விழுந்து ரெண்டும் நேராப் புடிச்சுக்கும். அப்ப வீணாகாது. டவுனுக்குள்ள மெதுவாப் போறப்ப அந்த லாக்கு விழாது. அப்பத்தான் குடிக்குது.

இதக் கேட்டதுமே எனக்கு ரோசனை வந்துருச்சு. அந்த லாக்கை நம்ம கையில எடுத்துக்கிட்டா? ஒரு ஒயர், ஒரு சுவிட்சு. வேணுங்கறப்ப போட்டுக்கலாம். நான் ஒண்ணும் படிச்சவன் இல்லீங்க, ஆனா மூளை இருக்குது.

ஆரோக்கியத்துகிட்டப் போனேன். அவன் வண்டிக்கு அடியில இருந்து வெளிய வந்து, கையத் தொடச்சுக்கிட்டே கேட்டுட்டு, "வேண்டாங்க"ன்னுட்டான்.

"ஏன்டா வேண்டாம்? முடியாதா?"

"முடியும். ஆனா செய்யக் கூடாதுங்க. கம்பெனிக்காரன் காரணமாத்தான் வச்சிருக்கறான். லாக்கு போட்டபடியே பிரேக் புடிச்சீங்கன்னா எஞ்சின் உதறிக்கிட்டு நின்னுரும். நடு ரோட்டுல நின்னா பின்னால வர்றவன் ஏத்திருவான். ஓட்டறது அக்கா வேற. மறந்துட்டாங்கன்னா?"

"மறக்க மாட்டா. நான் பக்கத்துல இருப்பேன்."

"வேண்டாங்க. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

பாவமாமாங்க! மைலேஜு கேட்டா பாவமா? அந்த மேசையில ஒரு வைசு இருந்துச்சு, இரும்பக் கவ்விப் புடிக்குமே, அது. அவன் கை அதும் மேலதான் இருந்துச்சு. நான் அந்தக் கையப் புடிச்சு உள்ள வச்சு, லேசாத்தான் திருகினேன். லேசா. கத்தினான். ஒரு வெரலு நகத்தோட சப்பையாப் போச்சு. பட்டறை ஆளுங்க ஓடி வந்தாங்க. திலகமணி வண்டிக்குள்ள உக்காந்து பாத்துட்டு இருந்தா. அவ எறங்கி வந்து, அவன் கையத் தன்ற முந்தானையில சுத்தி, "செஞ்சு குடுத்துருங்கண்ணா"ன்னா. பாருங்க, அவளே சொன்னா. நான் சொல்லச் சொல்லல.

செஞ்சு குடுத்தான். ஸ்டியரிங்குக்கு இடது பக்கமா ஒரு சின்ன சுவிட்சு. செகப்பு லைட்டு எரியும்.

இந்தாப்பா! போன்ல பாட்டை இவ்வளவு சத்தமா வைக்காத, காதுல மாட்டிக் கேளு! பஸ்ஸென்ன உங்கப்பன் ஊட்டுதா? பாருங்க எப்படி மொறைக்கறான்னு. என்ற காலு மட்டும் நல்லா இருந்திருந்தா இந்நேரம் அந்தப் போனு ரோட்டுல கெடக்கும். சரி உடுங்க. நீங்க ஏன் பயப்படறீங்க? உங்களையா சொன்னேன்?

எங்க உட்டேன்? ம், சுவிட்சு. மைலேஜு ஏறிருச்சுங்க. எட்டுல இருந்து பன்னெண்டு. நம்ப மாட்டேங்கறீங்களா? டேங்க் ரொப்பி, ஓட்டி, மறுபடியும் ரொப்பிப் பாத்தேன். பன்னெண்டு. அந்த சந்தோசம் எனக்கு என்ற கல்யாணத்துல கூட இல்லீங்க.

ஆனா திலகமணிக்குப் பழகறதுக்கு நாளாச்சு. பிரேக்குக்குப் போறதுக்கு முந்தி சுவிட்சை அமத்தி லாக்கை எடுத்துடோணும். அவ மறந்துருவா. பல்லடம் சிக்னல்ல வண்டி உதறும், நின்னுரும், பின்னால ஆரன் அடிப்பாங்க. எனக்கு மானம் போகும். அப்ப ஸ்கேலை எடுத்துத் தொடையில ஒண்ணு வைப்பேன். அடின்னு சொல்லக் கூடாதுங்க அத. ஒரு ஞாபகத்துக்கு.

அப்பறம் இன்னொண்ணும் கண்டுபுடிச்சேன். சுவிட்சை அமத்தி அமத்திப் போட்டாலும் வீணுதான். ஒவ்வொரு தடவ பிரேக் புடிக்கறப்பவும், அதுவரைக்கும் எரிச்ச பெட்ரோலை ரோட்டுல கொட்டற மாதிரி. அப்ப பிரேக்கே புடிக்காம ஓட்டினா? முன்னால பாத்து, தூரத்துலயே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, உருட்டிக்கிட்டே போனா? அவகிட்டச் சொன்னேன். "இன்னிக்கிருந்து பிரேக்கைத் தொடாத." தலையாட்டினா. அவ எதுக்கும் தலையாட்டுவா.

தொட்டா ஒண்ணு. தொட்டா ஒண்ணு. மொதல்ல தட்டைப் பக்கமா வச்சேன். அது சரிப்படல, வெளிம்பால வச்சேன். ரெண்டு மாசத்துல பழகிட்டா பாருங்க! தூரத்துல சைக்கிள் வந்தாலே காலை எடுத்துருவா. சந்துல பூந்து, வளைச்சு, நிக்காம, தண்ணி ஓடறாப்புல ஓட்டுவா. ஒரு நாள் சோமனூர்ல இருந்து பல்லடம் வரைக்கும் பிரேக்கையே தொடல. பக்கத்துல உக்காந்து எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எறங்கினதும் மல்லிப்பூ வாங்கிக் குடுத்தேன். அவ அதை வாங்கி டேஷ்போர்டு மேல வச்சா, தலையில வைக்கல. சாயங்காலம் பாத்தா வெயில்ல கருகிக் கெடந்துச்சு. எனக்கு வருத்தந்தான்.

ஊட்டுக்கு வந்து நிக்கறதுலயும் ஒரு முறை வச்சிருந்தேன். கேட்டு முன்னால வண்டிய நிறுத்தி, எறங்கி, கேட்டைத் தொறந்து, மறுபடி எடுக்கறதுன்னா எவ்வளவு வீணு? அதனால தெரு முக்குலயே, வண்டி உருண்டுட்டு இருக்கறப்பவே நான் எறங்கிக்குவேன். எங்க தெருவுல ஒரு குறுக்குச் சந்து இருக்குது. நான் அதுல ஓடிப்போயி கேட்டைத் தொறந்து வைப்பேன். அவ ஒரு வளைவு சுத்தி நிக்காம நேரா உள்ள வந்துருவா. உள்ள கொஞ்சம் மேடு. அதுல ஏறித் தானா நின்னுரும். தெருவுல எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க. பாக்கட்டும்! சிரிக்கறவனுக்கு லிட்டருக்கு எத்தனை குடுக்குது?

காலு போன அன்னிக்கும் அப்படித்தான் வந்தோம். கருமத்தம்பட்டி தாண்டி ஒரு ஆட்டுக்காரன் மந்தைய ரோட்டுல உட்டுட்டான். இவ காலை எடுத்தா, சரி. ஒரு குட்டி நடுவுல நின்னுருச்சு. உருட்டிட்டே போயிருந்தா அதுவே ஓடியிருக்கும். இவ பிரேக்கை மிதிச்சுட்டா. வண்டி உதறி, எகிறி, நடு ரோட்டுல நின்னு போச்சு. எனக்குத் தலையில டேஷ்போர்டு இடிச்சுது. வந்துது பாருங்க ஆத்திரம். வெளிம்பால வச்சேன். ஒண்ணில்ல. சீலை கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு.

அந்த ஆட்டுக்காரன் ஜன்னல்கிட்ட வந்து, "ஏனுங்க, பொம்பளையப் போட்டு இப்படி அடிக்கறீங்க, என்ற ஆட்டுக்குட்டிக்காக நின்னதுக்கா?"ங்கறான். எறங்கி அவனுக்கும் குடுத்தேன். கெழவன். அவன் கையில இருந்த தொரட்டியப் புடுங்கி அதுலயே குடுத்தேன். காது அந்து தொங்குச்சு. ஆடெல்லாம் செதறி ஓடிருச்சு. நான் கேக்கறேன், அவன் புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல வரலாமா?

அவ மறுபடி வண்டிய எடுத்தா. அப்பறம் ரோட்டைப் பாத்துக்கிட்டே கேட்டா. அவ எப்பவும் எதுவும் கேக்கறவ இல்லீங்க, அன்னிக்குக் கேட்டா.

"ஏனுங்க, குட்டி மேல ஏத்தியிருக்கோணுமா?"

"ஏத்து. எது குறுக்க வந்தாலும் ஏத்து. பிரேக்கை மட்டும் தொடாத."

"சரிங்க"ன்னா.

தெரு முக்குல நான் எறங்கினேன். ஓடிப்போயி கேட்டுத் தாழ்ப்பாளை இழுக்கறேன், வரல. துருப் புடிச்சுச் சிக்கிக்கிச்சு. ஒரு கல்லை எடுத்துத் தட்டறேன். பின்னால வண்டிச் சத்தம் கேக்குது. திரும்பிப் பாத்தா வளைவு சுத்தி வந்துட்டா. நான் கையத் தூக்கிக் காட்டறேன், நில்லு நில்லுன்னு. மெதுவாத்தான் வந்தா. ஒதுங்கறதுக்கு நேரம் இருந்துச்சு. நான் ஏன் ஒதுங்கோணும்? நான் நிக்கச் சொன்னா நிக்கோணுமா வேண்டாமா? அப்படியே லாக்குல இருந்தாக்கூட, பிரேக் புடிச்சா எஞ்சின் நின்னு போகும்னுதான ஆரோக்கியம் சொன்னான்?

அவ மொகத்தைப் பாத்தேன். மொகத்துல ஒண்ணுமில்லீங்க. கோவமில்ல, பயமில்ல. ரெண்டு கையும் ஸ்டியரிங்குல. என்னையத்தான் பாத்துட்டே வந்தா. கண்ணாடி வழியா அந்தச் செகப்பு லைட்டு கூடத் தெரிஞ்சுது.

கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவுல என்ற காலு. அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்குதுங்க, பச்சை மூங்கில் ஒடியற மாதிரி. நான் நசுங்கினதுக்கு அப்பறந்தான் எஞ்சின் உதறிக்கிட்டு நின்னுச்சு. நான் கத்தறேன். அவ உக்காந்தே இருந்தா. அப்பறம் நிதானமா சுவிட்சை அமத்தினா, ஸ்டார்ட் பண்ணினா, பின்னால எடுத்தா. எடுக்கறப்பதான் எலும்பு வெளிய வந்துச்சு.

ஆஸ்பத்திரியில போலீசு வந்துச்சு. ஒரு பொம்பளை எஸ்.ஐ. என்ற கட்டில்கிட்ட வச்சே அவகிட்டக் கேட்டாங்க. "ஏம்மா, உன் புருசன் முன்னால நிக்கறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"அப்பறம் ஏன் பிரேக் புடிக்கல?"

"புடிச்சா அடிப்பாருங்க."

அந்தம்மா ஒண்ணும் எழுதல. என்னையப் பாத்தாங்க. அப்பறம் திலகமணியத் தனியாக் கூட்டிட்டுப் போயி, தொடையெல்லாம் பாத்தாங்களாம். வெளிய வந்தப்ப அந்தம்மா மொகம் வேற மாதிரி இருந்துச்சு. "தவறுதலா நடந்ததுன்னு எழுதிக்கறேன்"னு என்கிட்டச் சொன்னாங்க. "நீங்க வேற மாதிரி எழுதச் சொன்னா, நானும் பலதும் எழுத வேண்டி வரும்"னாங்க. நான் ஏங்க வேற மாதிரி எழுதச் சொல்றேன்? எனக்கு அவ மேல கோவமே இல்ல. சொல்லப் போனா பெருமைதான். அந்த நேரத்துலயும் என்ற பேச்சைத் தட்டல பாத்தீங்களா? எத்தனை பேருக்கு அப்படிப் பொண்டாட்டி அமையும்?

என்ற கோவமெல்லாம் ஆரோக்கியம் மேலதான். காலு கொஞ்சம் ஊனற மாதிரி ஆனதும் போனேன், அண்ணன் பசங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு. பட்டறையில ஒரு சாமான் மிச்சம் வைக்கல. எண்ணெய் டின்னையெல்லாம் கவுத்து உட்டோம். அவன் தடுக்கவே இல்லீங்க. அந்தச் சப்பை வெரலை வச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருந்தான். ஊன்றுகோல்ல முதுகுல ஒண்ணு குடுத்தேன். அப்ப சொல்றான்: "அக்கா வண்டி கொண்டாந்திருந்தாங்க. பம்பர் மாத்திக் குடுத்தேன். அந்தச் சுவிட்சைக் கழட்டிப் போட்டுடறேன், காசு வேண்டாம்னேன். இருக்கட்டும், பழகிடுச்சுன்னுட்டாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? வண்டியோட அப்பன் ஊட்டுக்குப் போனவ, நான் வச்சுக் குடுத்த சுவிட்சைக் கழட்ட மனசில்லாம வச்சிருக்கறா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், போயிக் கூட்டிட்டு வந்தர்றதுன்னு. எனக்கு வலது காலு போச்சு. இனி எப்பவும் வண்டிய அவதான் ஓட்டோணும். நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். பன்னெண்டுக்கு மேல கொண்டு போகலாங்க, பதினாலு வரைக்கும் கொண்டு போகலாம். அதுக்குத்தான் ஸ்கேலும் எடுத்துட்டு வந்தேன்.

இத்தனை நாளா போன் எடுக்கல அவ. அவங்கப்பன்தான் எடுத்து, "வராதீங்க மாப்ளை, வந்தா நல்லா இருக்காது"ன்னுட்டே இருந்தாரு. இன்னிக்குக் காலையில பஸ் ஏறறதுக்கு முந்தி அடிச்சேன். அவளே எடுத்தா! "வர்றேன்"னேன். "வாங்க"ன்னா.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோ புடிச்சு வரட்டுமா?"

"வேண்டாங்க. நானே வண்டி எடுத்துட்டு வர்றேன்."

"உங்கப்பனையும் கூட்டிட்டு வருவியா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

"வண்டி எப்படி ஓட்டறே? பிரேக்கைத் தொடறியா?"

"தொடறதே இல்லீங்க."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. அப்பறம் அவளே சொல்றா. "பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி உட மாட்டாங்க. வெளிய வாங்க. கூட்டத்துக்குள்ள நிக்காதீங்க. உடுமலை ரோட்டுல தள்ளி வந்து, ஆளில்லாத எடமாப் பாத்து ஓரமா நில்லுங்க. நீங்க நிக்கறது எனக்குத் தூரத்துலயே தெரியோணும்."

பாருங்க எவ்வளவு அக்கறைன்னு! நொண்டிக்காலை வச்சுக்கிட்டுக் கூட்டத்துல இடிபடக் கூடாதுன்னு நெனைக்கறா. குண்டடம் தாண்டிருச்சுங்களா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான்.

என்னங்க, என்ற கையைப் புடிக்கறீங்க? ஆட்டோவுலயே போகச் சொல்றீங்களா? அவ வர்றேன்னு சொல்லியிருக்கறப்ப நான் ஏங்க ஆட்டோவுல போறேன்? கைய உடுங்க. நல்ல மனுசன்னு நெனைச்சேன் உங்களை. புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல வராதீங்க.